பையோடு நட்ட கன்று

ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரை. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனம் அங்கே மரம் நட்டது. கூப்பிட்டார்கள், போயிருந்தேன். ஷாமியானா பந்தல், ஒரே நிறத்தில் டீ-சர்ட் போட்ட ஊழியர்கள், ஆளுக்கொரு பச்சைத் தொப்பி, சாம்பார் சாதப் பொட்டலம். குழிகளை முந்தின நாளே ஜேசிபி வைத்துத் தோண்டிவிட்டார்கள். ஒருவர் கன்றைப் பிடிக்க, ஒருவர் மண்ணைத் தள்ள, ஒருவர் படம் எடுக்க, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மறு வருடம் சித்திரையில் அந்தப் பக்கம் போனபோது, காய்ந்து நின்ற ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. வேரைச் சுற்றிக் கறுப்புப் பாலித்தீன் பை அப்படியே இருந்தது; கிழிக்காமலே குழியில் இறக்கியிருக்கிறார்கள். பக்கத்துக் குழியிலும் அதே கதை. பெயர்ப்பலகைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. அன்றைக்கு நானும் இரண்டு கன்று நட்டேன். பையைக் கிழித்தேனா என்று யோசித்தால் நினைவில்லை.

காடு வளர்ப்பதற்கு இன்று உலகெங்கும் நிறுவனங்கள் பணம் போடுகின்றன. சாறு பிழியும் ஆலையிலிருந்து எண்ணெய் நிறுவனம் வரை யாரும் விலக்கில்லை. அந்தப் பணத்தில் காடு திரும்பி வருமா? வந்த இடங்களையும் வராத இடங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. கன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்த இடங்களில் காரியம் பெரும்பாலும் கன்றோடு நின்றுபோனது. நிலத்தைக் கொடுத்து, காலத்தையும் கொடுத்த இடங்களில்தான் காடு வந்திருக்கிறது.

கன்றை எண்ணுகிற பழக்கம் பழையதுதான். ஆனால் அதற்கு ஓர் அறிவியல் முத்திரை கிடைத்தது 2019 ஜூலையில். ஜூரிக்கைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று, உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேரில் மரம் வளர்க்க இடமிருக்கிறது, அவை வளர்ந்தால் 205 கிகாடன் கரிமத்தைப் பிடித்துவைக்கும் என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது. அடுத்த ஜனவரியில் டாவோஸ் கூட்டத்தில் ஒரு லட்சம் கோடி மரங்கள் என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளைச் சூழல் மீட்புப் பத்தாண்டாக ஐ.நா. அறிவித்தது. இதற்கிடையில் அதே ‘சயன்ஸ்’ இதழில் வேறு அறிவியலாளர்கள் கணக்கை மறுத்து எழுதினார்கள்: புல்வெளியையும் சவன்னாவையும் காலி இடமாக எண்ணிவிட்டீர்கள், கரிமக் கணக்கும் மிகை என்று. மறுப்பு எழுதியவர்களை டாவோஸ் மேடையில் யாரும் தேடவில்லை. நிறுவனத்துக்கு வேண்டியது ஆண்டறிக்கையில் அச்சிட ஓர் எண். கன்று அதற்கென்றே பிறந்ததுபோல வசதியான பொருள். எண்ணலாம், விலை போடலாம், படம் பிடிக்கலாம்.

எண்ணிக்கை மோகம் அரசுகளையும் விடவில்லை. 2019 நவம்பர் 11 அன்று துருக்கியில் ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகள் நட்டார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து வனத்துறைத் தொழிற்சங்கம் சில இடங்களைப் போய்ப் பார்த்துவிட்டு, பத்தில் ஒன்பது பங்கு வரை செத்துப்போனதாகச் சொன்னது. அமைச்சகம் அதை மறுத்தது. யார் சொன்னது சரியோ, நட்ட நாளின் எண்ணிக்கை உலகத்துக்கே தெரிந்த அளவுக்குப் பிழைத்தவற்றின் எண்ணிக்கை தெரியாமல் போயிற்று.

நம் நாட்டில் நிறுவனப் பணம் காட்டுக்கு வருவது பெரும்பாலும் சட்டத்தின் வழியே. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆவது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாயைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். சூழல் பாதுகாப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. நல்ல சட்டம்தான். சிக்கல் அதன் நாட்காட்டியில் இருக்கிறது. பணத்தை அந்தந்த நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டும். நீண்ட திட்டம் என்றால் தொடங்கிய ஆண்டு போக இன்னும் மூன்று ஆண்டு. 2021-இல் திருத்திய விதிகள் தருகிற அதிகபட்ச அவகாசம் அவ்வளவுதான். ஆக மொத்தம் நான்கு. ஒரு நாங்கு மரம் நான்கு வயதில் ஆள் உயரம் வந்தாலே பெரிய காரியம்.

எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் சி.எஸ்.ஆர். பிரிவில் இருக்கிறார். ஒரு பிப்ரவரி மாதக் கடைசியில் போன் செய்தார். “மார்ச்சுக்குள்ள பத்தாயிரம் கன்னு வெச்சாகணும் சார். எங்கயாவது எடம் இருந்தா சொல்லுங்க.” மார்ச்சில் நட்டால் மழை எங்கே என்று கேட்டேன். “அது தெரியும் சார், ஆனா ஆடிட் மார்ச்சுலதான வருது” என்றார். அவர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. காட்டுக்கு வருடம் ஆனியில் தொடங்குகிறது, அவருடைய வருடம் பங்குனியில் முடிகிறது.

இன்னொரு வகைப் பணம் தண்டம் மாதிரி. வன நிலத்தைச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ எடுக்கும் நிறுவனம், 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டப்படி, ஈடாக வேறு இடத்தில் மரம் வளர்க்கப் பணம் கட்டுகிறது. இப்படிச் சேர்ந்து முடங்கிக் கிடந்த தொகையிலிருந்து 2019 ஆகஸ்டில் மட்டும் 47,436 கோடி ரூபாய் மாநிலங்களுக்குப் போனது. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மலையில் அழிந்த சோலைக்கு ஈடாக இன்னொரு மாவட்டத்தில் வரிசையாகத் தேக்கு வைத்தால், கணக்கு நேராகும். அந்த மலையின் ஓடை நேராகாது. 2023-இல் வந்த பசுமைக் கடன்புள்ளித் திட்டத்திலும் முதலில் ஒரு மரத்துக்கு ஒரு புள்ளி, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றுதான் எழுதினார்கள். புதர்க்காட்டில் 1,100 மரத்தைத் திணித்தால் அது புதர்க்காடாக இருக்காதே என்று சூழலியலாளர்கள் சொன்னார்கள். 2025 ஆகஸ்டில் விதியைத் திருத்தி, ஐந்து ஆண்டு கழித்து விதானம் 40 விழுக்காடாவது மூடியிருந்தால்தான் புள்ளி என்றார்கள். முன்னைக்கு இது தேவலை. ஆனாலும் விதானம் மூடாமல் இருப்பதே இயல்பான முட்காட்டுக்கும் புல்வெளிக்கும் அதில் இடமில்லை.

மரம் இல்லாத இடமெல்லாம் தரிசு என்ற எண்ணத்துக்கு நீலகிரி கொடுத்த விலை நமக்குத் தெரியும். வரையாடு மேய்ந்த புல்வெளிகளை வெறும் நிலம் என்று நினைத்துச் சீகை மரமும் கற்பூர மரமும் நட்டார்கள். தோல் பதனிடப் பட்டை, பிறகு சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் என்று தொழிலுக்காக நட்டவை அவை. ஆலை மூடியே வெகு காலம் ஆகிவிட்டது. சீகை மட்டும் புல்வெளியைத் தின்றுகொண்டே இருக்கிறது. இப்போது அதை வெட்டி எடுப்பதற்குப் பணம் ஒதுக்குகிறார்கள். இந்தப் பாடம் வெளியே போய்ச் சேரவில்லை. காங்கோ குடியரசின் பட்டேகே பீடபூமி காலங்காலமாகப் புல்வெளி. அங்கே 40,000 ஹெக்டேரில் மரம் வளர்க்கப் போவதாக 2021-இல் டோட்டல் எண்ணெய் நிறுவனம் அறிவித்தது. தன் புகைக்கு ஈடாக இருபது ஆண்டுகளில் ஒரு கோடி டன் கரியமில வாயுவைக் கணக்கில் காட்டுவதற்கு.

வெட்டுவதும் மீட்புப் பணியாகலாம் என்பதற்கு இங்கேயே ஓர் உதாரணம் இருக்கிறது. முதுமலையில் மஞ்சள் பூப் பூத்து அழகு காட்டும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல் மரம், கீழே ஒரு புல்லையும் முளைக்க விடாது. அதை வெட்டிக் காகிதக் கூழுக்கு எடுத்துக்கொள்ளத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்கு அரசு அனுமதி கொடுத்தது. ஆலைக்கு மூலப்பொருள், காட்டுக்கு வெளிச்சம். இரு பக்கத்துக்கும் நிஜமான லாபம் இருப்பதால் இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. வேரோடு எடுக்காவிட்டால் மறுபடி துளிர்க்கும் மரம் அது, வெட்டிய இடத்தைப் பல வருடம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். கூழுக்கு உதவாத சின்னத் துளிர்களைப் பிடுங்கவும் ஆலை ஆள் அனுப்புமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது நகரங்களில் நிறுவனங்களுக்குப் பிடித்தமானது மியாவாக்கி. அரை ஏக்கரில் நெருக்கி நட்டு, இரண்டு வருடத்தில் பச்சைச் சுவர் எழுப்பிவிடலாம். ஜப்பானின் அகிரா மியாவாக்கி இந்த முறையை முதலில் பெரிதாகச் செய்து காட்டியது நிப்பான் ஸ்டீல் உருக்காலைகளைச் சுற்றித்தான், 1970-களின் தொடக்கத்தில். அவர் முதலில் செய்த வேலை நடுவதல்ல. பழைய கோயில் தோப்புகளைப் போய்ப் பார்த்து, மனிதன் கை வைக்காவிட்டால் அந்த மண்ணில் எந்தக் காடு நிற்கும் என்று கண்டறிந்தார். நம்மூர் ஒப்பந்ததாரர்கள் நெருக்கத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். நாற்றுப் பண்ணையில் கையிருப்பில் எது இருக்கிறதோ அதுதான் அந்த ஊர்க் காடு.

சரி, நடந்த இடங்களுக்கு வருகிறேன்.

கென்யாவின் மொம்பாசாவுக்கு வடக்கே பம்புரி சிமென்ட் ஆலை. 1950-களிலிருந்து கடலோரப் பவளப்பாறையை வெட்டி எடுத்து, தரையை வெள்ளை வெளேரென்ற கல் கட்டாந்தரையாக்கிவிட்டது. மண் கிடையாது. சில அடி கீழே உப்புத் தண்ணீர். 1970-71 வாக்கில் ஆலை தன் தோட்டப் பொறுப்பில் இருந்த ஸ்விஸ் வேளாண்மைக்காரர் ரெனே ஹாலரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னது. அவர் 26 வகைக் கன்றுகளை நட்டுப் பார்த்தார். மூன்றுதான் பிழைத்தன. அதில் ஒன்று நமக்குக் கடற்கரையில் பழக்கமான சவுக்கு.

சவுக்கு வளர்ந்தது, காடு வரவில்லை. உதிர்ந்த ஊசித் தழை மக்காமல் மெத்தை மாதிரி சேர்ந்துகொண்டே போயிற்று. அதிலிருக்கும் துவர்ப்பு நுண்ணுயிர்களை அண்டவிடவில்லை. தழை மக்காவிட்டால் மண் எங்கிருந்து வரும்? ஒருநாள் ஹாலர், செங்கால் மரவட்டை ஒன்று அந்த ஊசித் தழையை மேய்ந்துகொண்டிருப்பதைக் கவனித்தார். மரவட்டைகளைச் சேகரித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அவை தின்று போட்ட எச்சத்தில் பாக்டீரியா வேலையைத் தொடங்க, கறுப்பு மண் படிய ஆரம்பித்தது. பிறகு வேறு மரங்கள், குளம், மீன், பறவை. 1984-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்று அது ஹாலர் பூங்கா. சிமென்ட் ஆலை நல்ல ஆலையாகிவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒரே ஆளை, ஒரே இடத்தில், பல வருடம் வேலை செய்ய விட்டது. அதுதான் ஆலையின் பங்களிப்பு. மரவட்டையை எந்தத் திட்ட அறிக்கையும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது.

கோஸ்டா ரிகாவில் நடந்தது இன்னும் விசித்திரம். 1990-களின் நடுவில் டேனியல் ஜான்சன், வினி ஹால்வாக்ஸ் என்ற சூழலியல் தம்பதி, குவானகாஸ்தே பாதுகாப்புப் பகுதியை ஒட்டியிருந்த டெல் ஓரோ ஆரஞ்சுச் சாறு ஆலையிடம் ஒரு பேரம் பேசினார்கள். உன்னிடம் இருக்கும் காட்டை எங்களுக்குக் கொடு. பிழிந்த தோலைக் கொட்ட எங்கள் பாழ் மேய்ச்சல் நிலத்தை எடுத்துக்கொள் என்று. ஆயிரம் லாரி, 12,000 டன் தோல், மூன்று ஹெக்டேரில் கொட்டினார்கள். ஈ மொய்த்தது, நாறியது. போட்டி ஆலையான டிகோஃப்ரூட், தேசியப் பூங்காவைக் குப்பைமேடாக்கிவிட்டார்கள் என்று வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒப்பந்தம் செத்தது, இடத்தை எல்லோரும் மறந்தார்கள்.

2013-இல் பிரின்ஸ்டனிலிருந்து ஒரு மாணவர் அந்த இடத்தைத் தேடிப் போனார். சாலையிலிருந்து சில அடி தூரத்தில் ஏழடி நீளப் பலகை, மஞ்சள் எழுத்து, எல்லாம் இருந்தும் அவர் கண்ணில் படவில்லை. கொடியும் மரமும் அதை மூடிவிட்டன. தோல் கொட்டிய பக்கத்தில் 24 வகை மரங்கள், சாலைக்கு மறுபக்கம் கொட்டாத மேய்ச்சல் நிலத்தில் எட்டு. மரத் திரட்சி 176 விழுக்காடு கூடுதல் என்று 2017-இல் வெளியான ஆய்வு சொன்னது. ஒரு கன்றுகூட யாரும் நடவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஆக்கிரமித்திருந்த தீவனப் புல் தோலுக்கு அடியில் மூச்சுத் திணறிச் செத்தது, அழுகல் உரமாயிற்று, விதை பக்கத்துக் காட்டிலிருந்து தானே வந்தது. பக்கத்தில் காடு இருந்ததை மறந்துவிடக் கூடாது. அது இல்லாத இடத்தில் ஆயிரம் லாரி தோல் கொட்டினால் மிஞ்சுவது நாற்றம்தான்.

பக்கத்தில் காடு இருந்தும் அது தானே திரும்பாத இடம் வால்பாறை. ஆனைமலையில் சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம். 1890-களிலிருந்து மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் ஏலமும் வைத்தார்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், கேரளப் பக்கம் பரம்பிக்குளமும் வாழச்சாலும். நடுவில் தேயிலைக் கடலில் தீவுகளைப்போல நாற்பதுக்கு மேற்பட்ட காட்டுத் துண்டுகள். பாறைச் சரிவு, ஓடைக்கரை, தேயிலைக்கு உதவாத இடம் என்று தப்பியவை. நிலம் தோட்டக் கம்பெனிகளுடையது. ஆனால் 1949-ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை இஷ்டத்துக்கு வெட்ட முடியாது. வெட்டவும் முடியாது, விற்கவும் முடியாது. விறகுக்கும் உண்ணிச்செடிக்கும் விட்டுவைத்திருந்தார்கள்.

இந்தத் துண்டுகளில் 2000-க்குப் பிறகு வேலை தொடங்கியவர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும், மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் சார்பில். பாரி அக்ரோ, டாடா காபி போன்ற கம்பெனிகள் தங்கள் நிலத்தில் வேலை செய்ய அனுமதித்தன. அங்கே விதை பொறுக்குவதே ஒரு கலை. காட்டுக்குள் விழுந்த விதையைத் தொடுவதில்லை, அது தன் இடத்தில் இருக்கிறது. தார்ச்சாலையில் விழுந்து டயரில் நசுங்கப் போகிற விதையைத்தான் எடுக்கிறார்கள். வெடிபலா, கருங்குங்கிலியம், நாங்கு, ஆயினி என்று 150-க்கும் மேற்பட்ட உள்ளூர் இனங்கள் நிழல்வலைக்கு அடியில் பையில் முளைக்கின்றன. முட்டி உயரம் வர ஒரு வருடம், இரண்டு வருடம். நடும் இடத்தில் முதலில் உண்ணிச்செடியை எடுக்க வேண்டும், ஆனால் அதற்குள் தானாக முளைத்திருக்கும் காட்டுக் கன்றை மிதிக்காமல். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் நடவு. பிறகு இரண்டு மூன்று வருடம் களையெடுப்பு. அட்டை கடிக்கும் மழையில், வழுக்கும் சரிவில், ஒரு நாளைக்கு எத்தனை கன்று நட முடியும் என்று ஏரிக்கரை விழா நடத்துபவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

7 முதல் 15 வருடம் கழித்து அந்த இடங்களை அளந்தார்கள். சும்மா விட்ட சிதைந்த துண்டுகளைவிட, நட்டுப் பராமரித்த துண்டுகளில் மர இனங்களும் விதானமும் சேர்ந்த கரிமமும் கூடியிருந்தன. நல்ல காட்டின் அளவை அவை இன்னும் எட்டவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. இருபது வருடத்துக்கு மேல் உழைத்தும் மீட்ட பரப்பு விளம்பரத்துக்கு உதவாத அளவு சிறியதுதான். ஆனால் வால்பாறை நகரை ஒட்டிய புதுத்தோட்டம் போன்ற துண்டுக்குள் சிங்கவால் குரங்கு பிழைத்திருக்கிறது. அதற்கு முக்கியமான உணவு வெடிபலா. தேயிலைக்கு மேலே இருவாச்சி பறக்கிறது. யானை ஓடைக்கரைக் காட்டைப் பிடித்தபடி நடக்கிறது, குடியிருப்பு வழியாக வர வேண்டிய அவசியம் அந்த அளவுக்குக் குறைகிறது.

கம்பெனிகள் ஏன் ஒப்புக்கொண்டன? நல்ல மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2007-இல் யூனிலீவர், தன் தேயிலையை ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெற்ற தோட்டங்களிலிருந்து வாங்கப் போவதாக அறிவித்த பிறகு, தோட்டத்துக்குள் இருக்கும் காட்டைக் காப்பது ஏற்றுமதிக்கு வேண்டிய தகுதிகளில் ஒன்றாகிவிட்டது. ஓடைத் தண்ணீர்தான் ஃபாக்டரிக்கும் தொழிலாளர் லயத்துக்கும் வருகிறது. இந்தச் சுயநலம் எனக்கு உறுத்தவில்லை. லாபத்தோடு ஒட்டியிருக்கிற அக்கறை, லாபம் குறையும் வருடத்திலும் தாக்குப்பிடிக்கும். ஒரு குறை சொல்லலாம்: கம்பெனி கை மாறினால் புது மேனேஜருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். நிலத்தைத் தொடர்ந்து கொடுப்பேன் என்ற எழுத்துப்பூர்வமான நீண்ட கால உறுதி இங்கே அரிது.

அந்த உறுதியைப் பணத்தால் கட்ட முயன்றது, டனோன் நிறுவனம் தொடங்கி 2011-இல் உருவான லைவ்லிஹுட்ஸ் நிதி. செனகல் கசமான்ஸ் கழிமுகத்திலும் மேற்கு வங்கச் சுந்தரவனத்திலும் ஊர் மக்கள் அலையாத்தி நட்டார்கள். முதலீட்டாளர்கள் முன்பணம் கொடுத்து, இருபது வருடம் வளர்கிற கரிமக் கணக்கைப் பங்காக எடுத்துக்கொள்கிறார்கள். நட்ட கன்றுக்கு இல்லாமல், நின்ற கன்றுக்குப் பலன். கால அளவில் இது சி.எஸ்.ஆரைவிட நேர்மையானது. அந்தக் கணக்கைக் காட்டி ஆலை தன் புகையைக் குறைக்காமல் இருந்துவிட்டால், காட்டுக்கு நல்லது நடந்தும் வானத்துக்கு ஒன்றும் நடக்காது. என் வரையில், புகைக்கு ஈடு என்று ஒரு நிறுவனம் சொன்னதுமே அந்தக் காட்டை இரண்டு முறை சந்தேகத்தோடு பார்ப்பேன்.

கம்பெனி நிலத்தை விட்டே போகும்போது என்ன ஆகும்? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பாம்பே பர்மா கம்பெனி. 2028-இல் குத்தகை முடிகிறது. அதற்கு முன்னாலேயே, 2024 ஜூனில் வேலையை நிறுத்திவிட்டது. நிலம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தோடு சேர்கிறது. காடு திரும்ப வேண்டிய இடம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களில் பலர் கையில் ஒரு தொகையோடு மலையிறங்கிவிட்டார்கள். வீடும் வாழ்வாதாரமும் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். காட்டை மீட்கும் செலவில் நூறு வருடம் அந்த மண்ணை அனுபவித்த கம்பெனியின் பங்கு என்ன என்று சட்டம் எங்கேயும் தெளிவாகக் கேட்கவில்லை. களையெடுக்கவும் விதை பொறுக்கவும் நாற்றுப் போடவும் வால்பாறையில் கூலிக்கு ஆள் தேடிப் பயிற்சி கொடுக்கிறார்கள். மாஞ்சோலையில் எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது என்று தெரிந்தவர்களை முதலில் கீழே அனுப்பிவிட்டோம்.

தேயிலை இயல்பில் மரம். கவாத்து அடித்து அடித்துத்தான் அதை இடுப்பளவில் நிறுத்திவைக்கிறார்கள். கவாத்துக் கத்தி நின்றுவிட்டால் நாலைந்து வருடத்தில் தலைக்கு மேலே போய்விடும். அதன் நிழலில் வெடிபலா முளைக்கிறதா, உண்ணிச்செடி முளைக்கிறதா என்று வருடா வருடம் ஏறிப்போய்ப் பார்த்து, தப்பானதைப் பிடுங்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.